லேபர் ரூம் பொறுப்பு கைக்கு வருது, மொதல்ல எதுல கை வைக்கறது?

கேள்வி இதுதானுங்க. எம்எஸ் ஓஜி, அதாவது மகப்பேறு மேல்படிப்பு, முடிச்சு சில வருசம் ஆன ஒரு டாக்டரம்மா ஈரோடு மாவட்டத்து கோபி (கோபிச்செட்டிபாளையம்) பக்கம் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரில மகப்பேறு பிரிவுக்கு தலைமையா சேரப் போறாங்க. பிரசவத்தோட தரத்த ஏத்திக் குடுங்கன்னு மேனேஜ்மெண்ட் சொல்லுதாம், அதே சமயம் அங்க இருக்கற ஜூனியர் டாக்டருங்க ஒவ்வொருத்தரா பேப்பர் போட்டுட்டுப் போறாங்களாம், ரெண்டுல எத மொதல்ல பாக்கறதுன்னு கேட்டிருக்காங்க.

தங்கச்சி, ரெண்டும் ஒரே வேலைதானுங்க. ஈரோடு, திருப்பூர் வட்டாரத்துல அரசாங்க ஆஸ்பத்திரிலயும் தனியார்லயும் ரொம்ப வருசமா பிரசவம் பாத்துட்டு, ஜூனியருங்களுக்கு சொல்லிக் குடுத்துட்டு இருக்கறவ நான், அத வெச்சுத்தான் சொல்றேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு ஜூனியர் "மேடம், ப்ளீடிங் கொஞ்சம் எச்சா இருக்கற மாதிரி இருக்குது"ன்னு தயக்கமில்லாம போன் பண்றாளா இல்லையாங்கறதுலதான் உங்க ஆஸ்பத்திரியோட தரமே இருக்குது. திட்டு விழுமோ, இது கூடத் தெரியலையான்னு கேப்பாங்களோன்னு நெனச்சு அரை மணி நேரம் தானே சமாளிச்சுப் பாத்தான்னா, அந்த அரை மணி நேரத்துல ஒரு உயிரு கைய விட்டுப் போயிரும். பயப்படற டாக்டர் லேட்டா கூப்பிடுவா, கேஸ் ஷீட்டுல பாதிய எழுத மாட்டா, கடைசில வேலையவே உட்டுட்டுப் போயிருவா. மூணுக்கும் வேர் ஒண்ணுதான்.

இதுக்கு இவ்வளவு அழுத்தம் ஏன் குடுக்கறேன்னா நம்ம மாநிலம் இப்ப நிக்கற எடம் அப்படி. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 99.6 சதவீதம் பிரசவம் ஆஸ்பத்திரிலதான் நடக்குது. எங்க அம்மிச்சி காலத்துல மருத்துவச்சி ஊட்டுக்கே வந்து பாத்துட்டுப் போவாங்க, அந்தக் காலம் முடிஞ்சுது, அதனால ஒரு தாய் எறந்துட்டா "ஆஸ்பத்திரிக்கே வரலைங்க"ன்னு சொல்றதுக்கு இன்னிக்கு நமக்கு எடமே இல்ல, நம்ம கட்டில்லயோ நம்ம தாட்டி விட்ட ஆம்புலன்ஸ்லயோதான் போறாங்க. 2018-20 கணக்குல ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு தாய் இறப்பு இந்தியாவுல 97, தமிழ்நாட்டுல 54, கேரளாவுல 19. கோயமுத்தூர்லருந்து வாளையார் தாண்டினா கேரளாதானுங்க, அதே மாதிரி பொம்பளைங்க, அதே மாதிரி மருந்து. 2011-13ல கேரளா 61, நம்முது 79, ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதான் இருந்துது. நாமளும் கொறச்சிருக்கோம், இந்தியாவோட சராசரிக்கு எவ்வளவோ நல்லா இருக்கோம், அத நான் சின்னதா சொல்லல. ஆனா அந்தக் கணக்குல அவங்க மூணுல ஒரு பங்குக்கும் கீழ எறக்கிட்டாங்க.

கேரளாவுல சுகாதாரத்துக்கு பல காரணம் இருக்கும், படிப்பு, ரோடு, எல்லாந்தான். ஆனா நீங்க கேக்கற தலைமைங்கற விசயத்துக்கு அங்கிருந்து எடுத்துக்க வேண்டியது ஒண்ணு இருக்குது. 2004ல அங்க மகப்பேறு டாக்டருங்களோட கூட்டமைப்பு தானாவே ஒரு வேலைய ஆரம்பிச்சுது, அதுல முன்னால நின்னவரு டாக்டர் வி.பி. பைலி. மாநிலத்துல நடக்கற தாய் இறப்புங்களோட கேஸ் ஷீட்ட வாங்கி, அதுல நோயாளி பேரு, டாக்டர் பேரு, ஆஸ்பத்திரி பேரு எல்லாத்தையும் அழிச்சுட்டு, சீனியர் டாக்டருங்க உக்காந்து படிப்பாங்க. இங்கிலாந்துல 1952லருந்து நடக்கற ரகசிய ஆய்வு மாதிரியேதான். எந்த நிமிசத்துல கண்டுபிடிச்சிருக்கலாம், எந்த மருந்து லேட்டாச்சு, யார கூப்பிட்டிருக்கோணும், இவ்வளவுதான் பாப்பாங்க. இந்தக் கேஸ் யாரோடதுன்னு கேக்கவே மாட்டாங்க. அதுல வந்த பாடத்த வெச்சு ஊரு ஊரா போய் ட்ரெய்னிங் குடுத்தாங்க. பைலி அதோட நிக்காம ரத்தப்போக்க நிறுத்தறதுக்கு கர்ப்பப்பை ரத்தக்குழாய கீழ்ப்பக்கமாவே புடிக்கற ஒரு கிளாம்ப் கூட டிசைன் பண்ணினாரு. கவர்மெண்ட் ஆர்டர் வரட்டும்னு காத்திருக்காம ஒரு டாக்டர் கூட்டம் தன் சாவுக் கணக்க தானே எடுத்துப் படிச்சுதுன்னா, அதத்தான் நான் தலைமைன்னு சொல்லுவேன்.

நம்ம மாநிலம் இதுல பின்தங்கின மாநிலமில்லைங்க. 1990கள்லருந்தே தாய் இறப்பு ஒவ்வொண்ணையும் கேட்டு ஆராயற வழக்கம் இங்க உண்டு, இந்தியாவுக்கே முன்னோடி. 2017ல மத்திய அரசு போட்ட வழிகாட்டுதலும் யார்மேலயும் பழி போடக்கூடாதுன்னு தெளிவாவே சொல்லுது. ஆனா நடைமுறைல பல நேரம் அது விசாரணைக் கூட்டமாத்தான் மாறுது, இருவது பேர் பாத்துட்டு இருக்கற மீட்டிங்ல மேல்படிப்பு (பிஜி) படிக்கற ஒரு டாக்டர் பொண்ண எந்திரிச்சு நிக்க வெச்சு கேள்வி கேக்கறது நடக்குது, அரசு டாக்டருங்க சங்கங்க இத எதுத்து வெளிப்படையாவே போராடியிருக்காங்க. அப்படி நிக்க வெச்ச பொண்ணு அடுத்த தடவ பிபி 150/100ன்னு எழுத வேண்டிய எடத்துல என்ன எழுதுவான்னு நெனச்சுப் பாருங்க. இல்லாட்டி ரிஸ்க்கான கேஸ் வந்தா தொடாமயே கோயமுத்தூருக்குத் தாட்டி விட்ருவா. அவளுக்கு வந்த பயத்துக்கு வெலை குடுக்கறது அடுத்து வர்ற தாய்தான்.

சரி, உங்க ஆஸ்பத்திரிக்கு வருவோம். மொதல்ல ரத்தப்போக்குல ஆரம்பிங்க, வேற எதுலயும் வேண்டாம். பிரசவத்துக்கு அப்பறம் வர்ற ரத்தப்போக்குதான் உலகம் பூரா தாய்மாருங்கள கொல்றதுல மொதல் காரணம், அதோட இதுல பண்ற மாத்தம் சீக்கிரமா கண்ணுல தெரியும், ஸ்டாஃபுக்கு நம்பிக்க வரும். நாம எல்லாருமே ரத்தத்த கண்ணால பாத்துத்தான் "ஒரு 300 இருக்கும்"னு சொல்லிப் பழகினவங்க, அது பெரும்பாலும் கம்மியாத்தான் வரும். இடுப்புக்கு கீழ விரிச்சு ரத்தத்தப் புடிச்சு அளக்கற பிளாஸ்டிக் டிரேப் இருக்குதே, அது நம்ம பக்கத்து கர்நாடகா பெல்காம்ல ஆராய்ச்சில உருவாகி வந்த சாமான்தான். 2023ல வந்த இ-மோட்டிவ் ஆய்வுல ஆப்பிரிக்காவுல நாலு நாட்டுல 80 ஆஸ்பத்திரி, ரெண்டு லட்சத்துக்கும் மேல தாய்மாருங்க. வழக்கமா பாக்கற எடத்துல ரத்தப்போக்கு வந்த பொம்பளைங்கள்ல பாதிப் பேரத்தான் கண்டுபிடிச்சாங்க, டிரேப் போட்டு அளந்த எடத்துல 93 சதவீதம். அளந்ததும் என்ன செய்யோணும்ங்கறதையும் ஒண்ணொண்ணா காத்துட்டு இருக்காம ஒரே மூச்சுல செஞ்சாங்க, கர்ப்பப்பைய தேய்ச்சு விடறது, அத சுருங்க வெக்கற ஆக்சிடோசின், ஒறஞ்ச ரத்தம் கரையாம காக்கற டிரானெக்சாமிக் ஆசிட், ஐவி ஃப்ளூயிட், எங்கிருந்து வருதுன்னு பாக்கறது, மேல ஆளக் கூப்பிடறது. கடுமையான ரத்தப்போக்கும் அதனால வர்ற ஆப்பரேசனும் சாவும் சேத்து 60 சதவீதம் கொறஞ்சுது. புது மருந்து ஒண்ணுகூட இல்லைங்க இதுல. எல்லாம் உங்க அலமாரில இன்னிக்கே இருக்கறதுதான்.

டிரானெக்சாமிக் பத்தி சித்த சொல்லோணும், ஏன்னா இன்னும் நெறைய எடத்துல "எல்லாம் குடுத்துப் பாத்தாச்சு, நிக்கல, அப்பறம் இதப் போடுவோம்"னு கடைசி மருந்தா வெச்சிருக்காங்க. 2017ல வந்த வுமன் ட்ரையல், இருவதாயிரம் பேர், பிரசவமாகி மூணு மணி நேரத்துக்குள்ள ஒரு கிராம் போனா ரத்தப்போக்கு சாவு ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு கொறையுது, லேட்டாக லேட்டாக பலன் கொறஞ்சுட்டே வந்து மூணு மணி நேரம் தாண்டினா பிரயோஜனமே இல்ல. அத எமர்ஜென்சி ட்ரேல முன்னாடி வரிசைல வெக்கச் சொல்லுங்க.

அப்பறம் அந்த ஃபிரிட்ஜ். ஆக்சிடோசின் 2லருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கோணும். நம்ம ஈரோட்டு சித்திரை வெயில்ல ஒரு ஆம்பியூல் பெட்டிய கவுண்டர் மேல வெச்சுட்டா நாளடைவுல அது வெறும் தண்ணிக்குச் சமம், போட்டும் கர்ப்பப்பை சுருங்கல சுருங்கலன்னு நிப்போம். நீங்க சேர்ற மொதல் வாரத்துலயே லேபர் ரூம் ஃபிரிட்ஜத் தொறந்து பாருங்க. உள்ள டிபன் பாக்ஸும் தயிர் டப்பாவும் இருந்தா யாரையும் சத்தம் போடாதீங்க, ஸ்டாஃபுக்கு தனி ஃபிரிட்ஜ் ஒண்ணு வாங்கிக் குடுக்கச் சொல்லி மேனேஜ்மெண்டுகிட்ட எழுதிக் குடுங்க. அவங்க சாப்பாடு வெக்க எடமில்லாமத்தான் அங்க வெக்கறாங்க. கரண்டு போனா ஜெனரேட்டர் லைன்ல அந்த ஃபிரிட்ஜ் இருக்குதான்னும் பாத்துக்குங்க.

போன் பண்றதுக்கு ஒரு ரூல் எழுதி ஒட்டுங்க. பெரிசா வேண்டாம். பல்ஸ மேல் பிபியால வகுத்தா 0.9 தாண்டினா, ரத்தம் 500 மில்லி தொட்டா, பிபி 160/110 வந்தா, குழந்தை துடிப்பு பத்தி சந்தேகம் வந்தா, இல்ல டியூட்டி நர்சுக்கு என்னமோ சரியில்லன்னு மனசுல பட்டாக்கூட, கன்சல்டண்ட கூப்பிட்டே ஆகோணும். கூப்பிடலாமான்னு யோசிக்கற சுதந்திரத்த அவங்ககிட்டருந்து எடுத்துருங்க, அப்பத்தான் கூப்பிட்டதுக்கு யாரும் வெக்கப்பட மாட்டாங்க. கடைசில சொன்னத லேசா எடுத்துக்காதீங்க, இருவது வருசம் லேபர் ரூம்லயே நின்ன ஸ்டாஃப் நர்சக்கா "என்னமோ சரியில்லைங்க மேடம்"னு சொன்னா எந்த மானிட்டரும் அதுக்கு ஈடில்ல. அப்படி வந்த போன எடுத்ததும் நீங்க சொல்ற மொதல் வார்த்த "கூப்பிட்டது நல்லதாப் போச்சு"ன்னு இருக்கோணும், போய்ப் பாத்தா ஒண்ணுமே இல்லன்னாலும் அதே வார்த்ததான். ஒரே ஒரு தடவ "இதுக்குப் போயி எழுப்பினியா"ன்னு கேட்டீங்கன்னா அந்த ரூல் செவுத்துல மட்டுந்தான் இருக்கும்.

ட்ரில். இங்கிலாந்துல பிரிஸ்டல் ஊருல ஒரு ஆஸ்பத்திரில 2000லருந்து ஒரு வழக்கம் வெச்சாங்க, டாக்டர், பிரசவம் பாக்கறதுக்குன்னே படிச்ச மிட்வைஃப், மயக்க டாக்டர் எல்லாரும் சேந்து தன் லேபர் ரூம்லயே அவசர கேஸ நடிச்சுப் பாக்கறது. டாக்டர் டிம் டிரேகாட்டும் அவரு கூட்டமும் 2006ல அதோட பலன எழுதினாங்க, பிறக்கும்போது மூச்சுத் திணறி குழந்தைக்கு மூளை பாதிக்கறது பாதியா கொறஞ்சிருந்துது. இதுல கவனிக்க வேண்டியது, எல்லாருமா, அவங்கவங்க எடத்துலயே. கோயமுத்தூர் ஹோட்டல்ல நடக்கற ஒர்க்‌ஷாப்புக்கு டாக்டர் மட்டும் போயி சர்டிஃபிகேட் வாங்கிட்டு வந்தா லேபர் ரூம்ல ஒண்ணும் மாறாது. ஒரு செவ்வாக்கிழமை மத்தியானம் கேஸ் இல்லாத நேரமாப் பாத்து, வார்டு ஆயாம்மா, செக்யூரிட்டி, லிஃப்ட் பாக்கற தம்பி வரைக்கும் சேத்து நடிச்சுப் பாருங்க. ஓடிப்போயி மருந்து எடுக்கறதுல ரெண்டு நிமிசம் போகுதுன்னா அலமாரி சாவி யாருகிட்ட இருக்குதுங்கறது அன்னிக்குத்தான் தெரிய வரும். நெறைய ஆஸ்பத்திரில அந்த சாவி, ஊட்டுக்குப் போன ஃபார்மசி தம்பி பாக்கெட்லதான் இருக்குது.

வலிப்பு, பிபி கேஸுக்கும் இதே மாதிரிதான், மெக்னீசியம் சல்ஃபேட் 2002லயே மேக்பை ட்ரையல்ல நிரூபணம் ஆனது, வலிப்பு வர்ற வாய்ப்ப பாதிக்கும் மேல கொறைக்குது, ஆனா தாட்டி விடறதுக்கு முன்னாடி மொதல் பெரிய டோஸ (லோடிங் டோஸ்) போடாம அனுப்பற கேஸ் இன்னும் வருது. போட்டா மூச்சு நின்னுருமோங்கற பயந்தான் காரணம். முட்டி ரிஃப்ளெக்ஸ், மூச்சு எண்ணிக்க, யூரின் மூணையும் பாத்துட்டு, மெக்னீசியத்துக்கு மாத்து மருந்தான கால்சியம் குளுக்கோனேட்ட பக்கத்துலயே வெச்சுட்டுப் போட்டா பயப்பட ஒண்ணுமில்லன்னு உங்க ஜூனியர் கைய நீங்களே புடிச்சு மொதல் ரெண்டு தடவ போட வையுங்க.

மேனேஜ்மெண்ட் சர்டிஃபிகேட்டுக்கு ஆசப்படும், அதுல தப்பில்ல. அரசு ஆஸ்பத்திரிங்களுக்கு லேபர் ரூம் தரத்துக்காக 2017ல வந்த லக்‌ஷ்யா இருக்குது, தனியாருக்கு ஃபாக்சி, அதாவது இந்திய மகப்பேறு டாக்டருங்க சங்கங்களோட கூட்டமைப்பு, குடுக்கற மான்யதா இருக்குது, அதுல 16 தரக்கோட்பாடு, நல்ல கோட்பாடுங்கதான், வாங்குங்க. ஆனா போர்டு மாட்டறதும் பேப்பர் ஒட்டறதும் உயிரக் காப்பாத்திராது. உத்தரப் பிரதேசத்துல 120 ஆஸ்பத்திரில உலக சுகாதார நிறுவனத்தோட பிரசவ செக்லிஸ்ட்ட கோச்சிங்கோட குடுத்துப் பாத்தாங்க, 2017ல முடிவு வந்துது. நர்சுங்க கை கழுவறது, மருந்து போடறதெல்லாம் நல்லாவே கூடுச்சு, ஆனா சாவு எண்ணிக்க கொறையல. சிக்கல் வந்தா தூக்கிப் பாக்கற ஆளு, ரத்தம், ஆப்பரேசன் தியேட்டர் இதெல்லாம் பின்னாடி நிக்கலன்னா செக்லிஸ்ட் மட்டும் தனியா என்ன செய்யும்னு அந்த முடிவப் படிச்சப்ப எனக்குத் தோணுச்சு.

உங்க எடத்துக்குன்னு சிலது இருக்குது, அத வெளியூரு புஸ்தகம் சொல்லாது. கோபில உக்காந்தா பர்கூர், கடம்பூர், தாளவாடி மாதிரி மலை ஊருங்கள்லருந்து கேஸ் உங்ககிட்ட வரும். தாளவாடிலருந்து எறங்கோணும்னா திம்பத்துல 27 கொண்டை ஊசி வளைவு, ரத்தப்போக்கோட ஒரு பொம்பள அதுல எறங்கி வர்றான்னா உங்க வாசலுக்கு வரும்போதே பாதி ஒடம்பு காலியாயிருக்கும். அதனால மேல இருக்கற ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருங்க நம்பர் உங்க போன்ல இருக்கோணும், உங்க நம்பர் அவங்ககிட்ட இருக்கோணும், நாள் நெருங்கின தாய எட்டாம் மாசத்துலயே பேசி கீழ எறக்கி, ஒறம்பரை ஊட்டுலயோ ஆஸ்பத்திரி பக்கத்துலயோ தங்க வெக்கறது உங்க வேலைலயே சேத்திதான். அங்க இருக்கற சின்ன டாக்டர் பையன் தனியா ஒக்காந்துட்டு இருப்பான், ராத்திரில அவனுக்கு யோசன சொல்ல ஒரு சீனியர் இருக்காங்கன்னு தெரிஞ்சாலே பாதி தெம்பு வந்துரும். உங்க ஆஸ்பத்திரி சம்பளம் வாங்கற ஜூனியர மட்டும் தாங்கினாப் போதாதுங்க.

இன்னொண்ணு, திருப்பூர், பெருந்துறை பக்கமெல்லாம் மில்லு, பனியன் கம்பெனிக்கு ஒடிசா, பீகார், ஜார்கண்ட்லருந்து வந்த குடும்பங்க. அந்தப் பொண்ணுங்க வலில கத்தும்போது என்ன சொல்றாங்கன்னே நமக்குப் புரியாது, தலை வலிக்குது, கண்ணு மங்குதுன்னு அவ சொல்லிட்டே இருப்பா, நாம "முக்கும்மா, முக்கு"ன்னு சொல்லிட்டே இருப்போம், அது வலிப்புக்கு முன்ன வர்ற அறிகுறின்னு யாருக்கும் படாது. இந்தி, ஒடியா தெரிஞ்ச ஒரு ஆள டியூட்டிக்கு ஒருத்தரா கைல வெச்சுக்குங்க, பக்கத்து கம்பெனிலருந்து ஒரு பொண்ணக் கூட்டிட்டு வந்து வேலைக்குப் போட்டுக்கிட்டாலும் சரி. முட்டுவழி ஒண்ணும் பெருசா ஆகாது.

சிசேரியன் பத்தி பேசாம இத முடிக்க முடியாது. அதே 2019-21 ஆய்வுல தமிழ்நாட்டுல 44.9 சதவீதம் சிசேரியன், தனியார்ல 63.8, அரசுல 36. டாக்டருங்க காசுக்கு அறுக்கறாங்கன்னு வெளிய ஒரே வரில சொல்லிருவாங்க. பில்லு பெருசாகணும்னு நெனைக்கற எடம் இல்லாம இல்ல, அத மறைக்கல. ஆனா நான் எச்சா பாத்தது பயமும் அசதியும். முந்தாநாள் ராத்திரிலருந்து தூங்காத ஒரு டாக்டர், வெளிய பத்துப் பதினஞ்சு ஒறம்பரை, துடிப்பு கொஞ்சம் எறங்கினாலும் "ஏனுங்க டாக்டரம்மா, கொழந்தைக்கு எதாச்சும் ஆச்சுன்னா என்ன பண்ணுவீங்க"ன்னு கேட்டா அவ கத்தியத்தான் எடுப்பா. இதோட ஜோசியர் எழுதிக் குடுத்த நேரம் வேற. 37 வாரத்துலயே நல்ல நேரம்னு எடுத்துட்டு குழந்தைக்கு மூச்சு வாங்குதுன்னு பச்சக் குழந்தைங்க தீவிர சிகிச்சைப் பிரிவுல (என்ஐசியூ) போடறது நம்ம ஊருல நடக்குது. 39 வாரத்துக்கு முன்ன மருத்துவக் காரணமில்லாம எடுக்கறதில்லங்கறத பிரிவோட முடிவா போட்டு நீங்க கையெழுத்துப் போடுங்க. அப்ப ஜூனியர் மாமனாருகிட்ட சண்ட போட வேண்டியதில்ல, "எங்க பெரிய டாக்டரம்மா ரூல் இதுங்க"ன்னு சொல்லிட்டு நகந்துக்குவா. பேச்சு வந்தா உங்ககிட்ட வரட்டும், நீங்க அதுக்குத்தானே அங்க இருக்கீங்க.

எண்ணிக்கையப் பாக்கறதுக்கு ராப்சன் பிரிவுகள எடுத்துக்குங்க, 2001ல டப்ளின் டாக்டர் மைக்கேல் ராப்சன் எழுதினது, தாய்மார பத்து வகையா பிரிக்கறது, 2015லருந்து உலக சுகாதார நிறுவனமே சிபாரிசு பண்ணுது. மொத்த சதவீதத்தச் சொல்லி யாரையும் குத்தாதீங்க. தலைச்சன் பிரசவம், தானா வலி வந்த பொண்ணு, அந்த ஒரு வகைல எவ்வளவு சிசேரியன்னு மட்டும் மாசா மாசம் பாருங்க, ஏன்னா அங்க போடற மொதல் வெட்டுதான் அடுத்த பிரசவத்துல மறு வெட்டாகி, அதுக்கடுத்ததுல நஞ்சுக்கொடி தழும்புல ஒட்டிக்கிட்டு, கர்ப்பப்பையவே எடுக்கற ரத்தப்போக்கா வந்து நிக்குது. டாக்டர் வாரியா கணக்கு எடுத்தா அது உங்க டிராயர்ல இருக்கட்டும், நோட்டீஸ் போர்டுல வேண்டாம்.

சாதாரண பிரசவத்த நர்சுங்க கைல நம்பிக் குடுக்கறதும் தலைமைதான். ஹைதராபாத்ல டாக்டர் எவிட்டா ஃபெர்னாண்டஸ் 2011லயே மிட்வைஃப் ட்ரெய்னிங் ஆரம்பிச்சாங்க, சிக்கலில்லாத பிரசவத்துல மிட்வைஃப்தான் கூட நிப்பாங்க, டாக்டர் தேவைப்பட்டா வருவாங்க. மத்திய அரசும் 2018ல மிட்வைஃப் திட்டத்துக்கு வழிகாட்டுதல் போட்டுது. ஒரு மகப்பேறு டாக்டரே முன்னாடி நின்னு இத ஆரம்பிச்சாங்கங்கறது எனக்கு ரொம்பப் பெருசா படுது. நமக்கும் தூக்கம் கெடைக்கும், தாய்க்கும் கையப் புடிச்சுட்டு உக்காந்திருக்க ஒருத்தி கெடைப்பா.

இப்ப பெரிய விசயம். எவ்வளவு நல்லாப் பாத்தாலும் ஒரு நாள் ஒரு தாய் போயிருவாங்க. அன்னிக்கு நீங்க என்ன செய்யறீங்கங்கறத உங்க ஜூனியருங்க ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க. 2022 மார்ச்ல ராஜஸ்தான் தௌசா மாவட்டம் லால்சோட்ல நடந்தது டாக்டருங்க யாருக்கும் மறந்திருக்காது. பிரசவத்துக்கு அப்பறம் ரத்தப்போக்குல ஒரு தாய் எறந்தாங்க, வெளிய கூட்டம், டாக்டர் மேல கொலை வழக்குப் பதிவு பண்ணினாங்க, அந்த டாக்டரம்மா தன் உயிர தானே முடிச்சுக்கிட்டாங்க. 2005லயே ஜேக்கப் மேத்யூ வழக்குல உச்ச நீதிமன்றம், இன்னொரு தகுதியான டாக்டரோட கருத்து இல்லாம டாக்டர் மேல கிரிமினல் நடவடிக்கைல எறங்கக்கூடாதுன்னு தெளிவா சொல்லியிருக்குது. நம்ம மாநிலத்துல டாக்டருங்களையும் ஆஸ்பத்திரிங்களையும் தாக்கறதுக்கு எதிரா 2008லயே சட்டம் இருக்குது. அந்த ரெண்டோட காப்பிய பிரிண்ட் எடுத்து ஆஸ்பத்திரி ஆபீஸ்லயும் உங்க பேக்லயும் வெச்சுக்குங்க, பக்கத்து போலீஸ் ஸ்டேசன் இன்ஸ்பெக்டர நல்ல நாள்லயே போயிப் பாத்து அறிமுகம் பண்ணிக்குங்க.

ஆனா மொதல் ஒரு மணி நேரம் சட்டத்துக்கில்ல, குடும்பத்துக்குத்தான். நீங்களே போகோணும், ஜூனியரத் தனியா அனுப்பக்கூடாது, நர்ச விட்டுச் சொல்லச் சொல்லக்கூடாது. தனி ரூம்ல, உக்காந்து, அவங்க ஊட்டுக்காரரையும் பெத்தவங்களையும் உக்கார வெச்சு, நடந்தத நடந்தபடி, எறந்த தாயோட பேரச் சொல்லிச் சொல்லுங்க. "காப்பாத்த முடியலைங்க"ன்னு சொல்லுங்க. சங்கட்டத்துல அவங்க கத்துனா கத்தட்டும். ரத்தப்போக்கு ஆரம்பிச்சதும் ஒரு தடவ, நிக்கலன்னதும் ஒரு தடவ வெளிய வந்து சொல்லியிருந்தா கடைசில சொல்றது அவங்களுக்கு எங்கயோ இருந்து விழுந்த இடியா இருக்காது. கூட்டம் சேந்து அடிதடி ஆகற கேஸுல பெரும்பாலும், ரெண்டு மணி நேரம் யாருமே வெளிய வந்து ஒரு வார்த்த பேசலைங்கறதுதான் இருக்கும்.

அப்பறம் அந்த ஜூனியர். 2000ல ஆல்பர்ட் வூங்கற அமெரிக்க டாக்டர் இப்படி ஒரு கேஸுக்கு அப்பறம் டாக்டரே ரெண்டாவது பாதிக்கப்பட்டவராயிடறாருன்னு எழுதினாரு. கை நடுங்கும், தூக்கம் வராது, அடுத்த பிரசவத்துல கைய வைக்கவே பயமா இருக்கும், நான் இந்த வேலைக்கே லாயக்கில்லன்னு தோணும். அன்னிக்கு ராத்திரி அவள தனியா ஹாஸ்டலுக்கு அனுப்பாதீங்க. அடுத்த கேஸ நீங்க எடுத்துக்குங்க. கேஸ் ஷீட்ட அவகூட உக்காந்து எழுதுங்க, நேரத்தோட, உள்ளது உள்ளபடி, ஒரு எழுத்துகூட பின்னால மாத்தக்கூடாது, அது ஒண்ணுதான் அவளுக்கு நாளைக்குக் காவல். ரெண்டு நாள் கழிச்சு எல்லாரையும் உக்கார வெச்சுப் பேசுங்க, அந்தப் பேச்சுல மொதல்ல நீங்க பேசுங்க, "எனக்கு போன் எப்ப வந்துது, நான் வர எவ்வளவு நேரமாச்சு"ன்னு உங்க பக்கத்துலருந்து ஆரம்பிங்க. தலைமைல இருக்கறவங்க தன் நேரத்த மேசைல வெச்சாத்தான் கீழ இருக்கறவங்க அவங்க நேரத்த வெப்பாங்க. ரெண்டு வாரத்துக்கு அப்பறமும் அவ சாப்பிடறாளா தூங்கறாளான்னு கேளுங்க, மனசு தேறலன்னா மனநல டாக்டர்கிட்ட நீங்களே கூட்டிட்டுப் போங்க, ரகசியமா, லீவு குடுத்து.

ரோஸ்டர நீங்களே போடுங்க, அட்மின் கைல குடுக்காதீங்க. நைட் டியூட்டி பாத்தவ காலைல ஓபி பாக்கக்கூடாது, கர்ப்பமா இருக்கற டாக்டருக்கு கடைசி மாசங்கள்ல நைட் வேண்டாம். ஊருக்கெல்லாம் நேரத்துக்கு சாப்பிடு, ரெஸ்ட் எடும்மான்னு சொல்ற நம்ம பொண்ணுங்க 30 மணி நேரம் நின்னுட்டே இருக்கறாங்க. நீங்க தேடற காரணம் பாதி இதுலயே இருக்குது, சம்பளத்துக்காக மட்டும் யாரும் பேப்பர் போடறதில்ல.

கடைசியா, சேர்றதுக்கு முன்னாடி மேனேஜ்மெண்டுகிட்ட எழுத்துல வாங்க வேண்டியது. ராத்திரிக்கு மயக்க டாக்டர் எத்தன நிமிசத்துல வருவாரு, டாக்டருங்க மேல வழக்கு வந்தா லாயர் செலவு ஜூனியருக்கும் சேத்து யாரு குடுப்பா, இறப்பு ஆய்வுல பேசினத வெச்சு யாரையும் வேலைய விட்டு எடுக்க மாட்டோம்ங்கற உறுதி, இந்த மூணும். எல்லாத்துக்கும் மேல ரத்தம். கோபிலருந்து ஈரோட்டுக்கு 35 கிலோமீட்டர் சொச்சம், ராத்திரி மூணு மணிக்கு நாலு யூனிட் வேணும்னா எங்கருந்து வரும், எந்த வண்டில வரும், யாரு போயி எடுத்துட்டு வருவாங்கன்னு கேளுங்க. "பாத்துக்கலாம் டாக்டர்"னு சொன்னாங்கன்னா, ஸ்டோரேஜ் யூனிட்டுக்கு லைசென்ஸ் அப்ளை பண்ணின காப்பியோ, பக்கத்து பிளட் பேங்க்கோட போட்ட ஒப்பந்தமோ கண்ணுல காட்டற வரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க.